பெறுபேற்றுக்கும் பட்டத்துக்கும் நடுவே

பேராதனையில் தொடங்கும் ஏ-5 வீதி கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று ஏறி, நுவரெலியாவைத் தாண்டி, வெலிமடைப் பக்கம் இறங்கி ஹாலிஎலைக்கு வருகிறது. ஹப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை வழியாக வரும் ஏ-16 வீதி அதனோடு சேர்வதும் ஹாலிஎலையில்தான். அங்கிருந்து பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா கடந்து வீதி செங்கலடியில் முடிகிறது. தொடங்கும் இடத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். முடியும் இடத்துக்குச் சற்று அப்பால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். நடுவே, பதுளை - பசறைப் பகுதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். ஒரே வீதியில் மூன்று. உடுவரையிலோ ரொக்கத்தன்னையிலோ லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு, வரைபடத்தைப் பார்த்தால், பல்கலைக்கழகம் அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறார்கள் என்ற கேள்வியை மலையகத்தில் எல்லாரும் கேட்கிறோம். அரசியல் மேடையில் கேட்கிறார்கள், பரிசளிப்பு விழாவில் கேட்கிறார்கள். தெரிவானவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்று கேட்பவர் அரிது. இரண்டும் வேறுவேறு கேள்விகள். முதலாவதற்கு இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் வேண்டுமானால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகங்கள் வழக்கமாகத் தொடங்கும் இடத்தில் தொடங்கினால் தோட்டத்துப் பிள்ளை இழந்ததில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் விழாது.

இந்த வகைக் கணக்கைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கிய நாடு அமெரிக்கா. 1990இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், மாணவருக்கு அரச நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டம் பெறுவோர் வீதத்தை வெளியிட வேண்டும் என்றது. முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்த மாணவர்களை ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டு, பட்டத்துக்குரிய காலத்தின் ஒன்றரை மடங்குக்குள், அதாவது நான்காண்டுப் பட்டமானால் ஆறு ஆண்டுக்குள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்ப்பது அதன் முறை. அங்கே அந்த வீதம் இன்றும் நூற்றுக்கு அறுபதைச் சிறிதே தாண்டி நிற்கிறது. முதலாம் ஆண்டு முடிந்து இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வருவோர் வீதத்தை, அதாவது தங்கிப் படிப்போர் வீதத்தை, தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

கணக்கு எப்படி வளையும் என்பதைக் கற்பனையான நூறு பேரை வைத்துப் பார்க்கலாம். நூறு பேருக்கு இடம் கிடைக்கிறது. 88 பேர் பதிவு செய்கிறார்கள். 80 பேர் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறார்கள். நான்கு ஆண்டில் 55 பேரும், ஆறு ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 72 பேரும் பட்டம் பெறுகிறார்கள். பதிவு செய்தவர்களை அடியாக வைத்தால் தங்கிப் படிப்போர் வீதம் 91, ஆறு ஆண்டில் பட்டம் பெறுவோர் வீதம் 82. இடம் கிடைத்தவர்களை அடியாக வைத்தால் அவை 80, 72 என்று இறங்கிவிடும். குறித்த காலத்துக்குள் முடித்தவர்களை மட்டும் எண்ணினால் 55. பொய் எண் இதில் எதுவுமில்லை. ஆனால் 91ஐ அறிக்கையின் முதல் பக்கத்தில் போடும் நிறுவனமும், 55ஐக் காட்டிக் கட்டுரை எழுதும் பத்திரிகையும் ஒரே நூறு பேரைத்தான் பேசுகின்றன.

இலங்கையில் இந்த அடி எண் மேலும் சிக்கலானது, ஏனென்றால் வாசல் மிகக் குறுகியது. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். 2001இலிருந்து இசட் புள்ளிதான் அளவுகோல். பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. பதுளையும் மொனராகலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இவ்வளவு அரித்தெடுத்த பிறகு உள்ளே வருபவர்கள் எளிதில் விட்டுப் போகமாட்டார்கள். கட்டணமும் இல்லை. அதனால் நம் பல்கலைக்கழகங்களின் தங்கிப் படிப்போர் வீதம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அந்த நன்மையில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்தின் சாதனை. பெரும் பங்கு பரீட்சைத் திணைக்களத்தின் அரிப்பு.

மாவட்ட ஒதுக்கீட்டுக்குத் தோட்டம் என்ற ஒன்று தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதுளை மாவட்டம் என்றால் பதுளை நகரத்துப் பெரிய பாடசாலைகளும் உண்டு, மகியங்கனைச் சமவெளியும் உண்டு, ஸ்பிரிங்வெலி மலையும் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் எட்டு லட்சத்துச் சொச்சம் மக்களில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதிவானவர்கள். பதுளைக்குக் கிடைக்கும் இடங்களில் அந்த அளவு பங்கு அவர்களுக்குப் போகிறது என்று நம்புபவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

காரணம் பழையது. தோட்டத்துரைமார் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1907இல் ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. அதன் பலன் பெரும்பாலும் ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1977க்குப் பிறகே பாடசாலைகளைக் கட்டம் கட்டமாக அரசு பொறுப்பேற்றது. எண்பதுகளின் நடுவில் சுவீடன் நாட்டு உதவியோடு வகுப்பறைகள் எழுந்தன. ஆக, மற்றவர்களுக்கு மூன்று தலைமுறையாகப் பழகிப்போன இலவசக் கல்வி இங்கே ஒன்றரைத் தலைமுறைப் பழக்கம். உயர்தரக் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படிக்கப் பதுளை, பண்டாரவளை, பசறை போன்ற ஊர்களின் சில பாடசாலைகளையே நம்பவேண்டியிருந்தது. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களில் கலைப்பிரிவினர் மிகுந்திருப்பது விருப்பத்தால் மட்டும் வந்ததல்ல.

இதில் ஒரு முரண் உண்டு. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பெறுமதி சேர்த்தலையும் தொழில்நுட்பத்தையும் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப் பாடநெறி அங்கே இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் எடுக்கும் பாடங்களோ அவர்களை அந்த வாசலுக்குக் கொண்டுபோவதில்லை. அவர்கள் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ பஸ் ஏறுகிறார்கள்.

இனி, எந்தப் பல்கலைக்கழகத்தின் ஏட்டிலும் ஏறாத இழப்பு. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதங்கள். வெட்டுப்புள்ளி வர மேலும் மாதங்கள். பதிவு, அதன்பின் ஆரம்ப நாள். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரம் 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்குரியது 2023 தொடக்கத்தில். 2023க்குரியது 2024 ஜனவரியில். பரீட்சைக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போவது சாதாரணமாகிவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஆங்கில வகுப்புக்கும் கம்பியூட்டர் வகுப்புக்கும் உரிய காலம். லயத்துப் பிள்ளைக்கு அது உழைக்கும் காலம். கொழும்பில் புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, பெண் பிள்ளையானால் ஆடைத் தொழிற்சாலை. போனவர் மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு வீடு பழகிவிடும். தம்பியின் டியூசன், அடகிலிருக்கும் தோடு, பாட்டியின் மருந்து எல்லாம் அதை நம்பி நிற்கத் தொடங்கும். பதிவுக் கடிதம் வரும்போது அந்தப் பிள்ளை இனி மாணவர் மட்டும் அல்ல.

கடிதம் என்றதும் முகவரி ஞாபகத்துக்கு வருகிறது. லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கமும் வீதியும் இல்லாத காலம் இன்னும் முழுதாக முடியவில்லை. பெயர், டிவிசன், தோட்டம், தபால் நிலையம் என்று எழுதினால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கோ சந்திக் கடைக்கோ வந்து, யாராவது எடுத்துக்கொண்டு வரும்வரை கிடக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து வந்த கதை இல்லாத தோட்டம் மலையகத்தில் உண்டா என்று தெரியவில்லை. இப்போது பதிவு இணையத்தில், தகவல் குறுஞ்செய்தியில் என்று ஆகியிருக்கிறது. அது பெரிய விடுதலைதான். ஆனாலும் வருமானச் சான்றுக்கும் வதிவிடச் சான்றுக்கும் கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும். அம்மாவோ அப்பாவோ ஒரு பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டுத்தான் கூடப் போக முடியும்.

இன்னொரு வழியாகவும் பிள்ளைகள் போகிறார்கள். அதை இழப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால் முடிவில் ஆசிரியர் நியமனம் உறுதி. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய்தான். பின்னர்தான் 10,000 ஆனது. அந்த 6,000க்கும் உயர்தரம் முடித்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான்கு வருடம் கழித்து வேலை கிடைக்குமா என்று தெரியாத ஒரு கலைப்பட்டத்தையும் கையில் வந்த நியமனத்தையும் நிறுத்துப் பார்த்து, நியமனத்தை எடுத்த பிள்ளையைப் பல்கலைக்கழக வெற்றிடப் பட்டியல் ‘பதிவு செய்யாதவர்’ என்று மட்டும் குறிக்கும். அடுத்த சுற்றில் வேறொருவர் அந்த இடத்தை நிரப்புவார். கணக்குச் சரியாகிவிடும்.

உள்ளே போனவர்களுக்கு முதலாம் ஆண்டு எப்படி இருக்கிறது? மாணவர் ஏன் விலகுகிறார் என்பதற்கு உலகம் அதிகம் மேற்கோள் காட்டும் விளக்கத்தை 1975இல் வின்சென்ட் டின்டோ எழுதினார். தற்கொலை பற்றிய துர்கைமின் ஆய்விலிருந்து கருத்தை எடுத்துக்கொண்டு, படிப்பிலும் சமூக வாழ்விலும் நிறுவனத்தோடு ஒட்டாதவர் விலகுகிறார் என்றார். பிறகு அதை விரித்தபோது, மாணவர் தம் பழைய சமூகத்திலிருந்து பிரிந்து புதியதில் சேர்வது சடங்கு போன்ற ஒரு கடப்பு என்றார். 1992இல் வில்லியம் டியர்னி இதை மறுத்தார். ஒரே பண்பாட்டுக்குள் பிள்ளையைப் பெரியவராக்குவதற்குரிய சடங்கை, சிறுபான்மைப் பிள்ளை வேறொரு பண்பாட்டுக்குள் கரைவதற்கு உவமையாக்கியது தவறு. அது பிள்ளையை வீட்டிலிருந்து அறுத்துக்கொள்ளச் சொல்கிறது என்பது அவர் வாதம். நான் டியர்னி பக்கம். சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியோடு திரும்பும் மாணவி பல்கலைக்கழகத்தோடு ஒட்டவில்லை என்று டின்டோவின் அளவுகோல் சொல்லும். பல நேரம் அந்த ரொட்டிதான் அவளைப் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிறது.

ஆனால் ஒட்டுதல் பற்றி டின்டோ சொன்ன ஒரு பாதி நமக்கும் பொருந்தும். அது மொழியில் வெளிப்படுகிறது. ஊவா வெல்லஸ்ஸவில் போதனை மொழி ஆங்கிலம். தரம் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை தமிழில் படித்த பிள்ளை அங்கே உட்காரும்போது விரிவுரை ஆங்கிலத்தில் ஓடும். அதைச் சிங்கள மாணவரும் கிராமத்திலிருந்து வந்தவரானால் அதே அளவு சிரமத்தோடுதான் கேட்பார். வித்தியாசம் மாலையில். நம் பல்கலைக்கழகங்களில் பாதிப் படிப்பு நடப்பது குப்பியில். சீனியர் ஒருவரோ வகுப்பில் கெட்டிக்காரரோ பரீட்சைக்கு முன் மற்றவர்களை உட்காரவைத்து, பழைய வினாத்தாளைப் பிரித்து, ஆங்கிலத்தில் புரியாததைத் தாய்மொழியில் உடைத்துச் சொல்வதுதான் குப்பி. சம்பளம் இல்லை, நேரசூசியில் இல்லை, எந்தத் தரமதிப்பீட்டு அறிக்கையிலும் இல்லை. நூறு பேர் உள்ள பாடநெறியில் தமிழ் பேசுபவர் நான்கைந்து பேர் என்றால் குப்பி சிங்களத்தில்தான் நடக்கும். சிங்களம் பேசிப் பழகிய பதுளைப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். பேச்சுச் சிங்களத்தில் புள்ளிவிபரவியலைப் பிடிப்பது வேறு வேலை. முஸ்லிம் மாணவரையும் சேர்த்துத் தமிழில் குப்பி நடத்த ஒரு சீனியர் இருக்கும் ஆண்டில் எல்லாரும் தேறுவார்கள். அவர் பட்டம் பெற்றுப் போன மறு ஆண்டில் ‘ரிப்பீட்’ கூடும். ஒரு நிறுவனத்தின் தேர்ச்சி வீதம் ஒரு சீனியரின் நல்ல மனதில் தொங்கக் கூடாது. குப்பி நடத்தும் தமிழ் மாணவருக்கு ஒரு சிறு கொடுப்பனவும் ஓர் அறையும் கொடுப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பகிடிவதையைத் தனியே விரிக்கவில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் முதலாம் ஆண்டில் விட்டுப் போனவர்களின் கதைகளில் அது வராமல் இருப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். கட்டணமில்லாத கல்வியில் பணம் காரணமாக விலகுவார்களா என்று கேட்பவர்களுக்கு: விடுதி பல இடங்களில் முதலாம் ஆண்டுக்கும் இறுதியாண்டுக்கும்தான். நடு ஆண்டுகளில் வெளியே போர்டிங். சாப்பாடு, பஸ், போட்டோ கொப்பி, டேட்டா, புரொஜெக்ட் செலவு தனி. 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிய மகாபொல புலமைப்பரிசில்தான் பெரும்பாலோருக்குக் கையில் வரும் ஒரே பணம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. உணவுப் பணவீக்கம் அதையும் தாண்டி 90க்கு மேல் போனது. அந்த ஆண்டிலும் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டிலும் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலேயே நின்றது. 2025 வரவு செலவுத் திட்டம்தான் அதை 7,500 ஆக்கியது. மகாபொல கிடைக்காதவருக்குரிய உதவிப்பணம் 4,000த்திலிருந்து 6,500 ஆனது. அப்போது தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதாவது உயர்த்திய பிறகும் மகாபொல அம்மாவின் ஐந்தரை நாள் உழைப்புக்குச் சமமாகவே இருந்தது. 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவு ஆய்வில் நாட்டின் வறுமை 14.3 சதவீதமாக இருக்க, தோட்டத்துறையில் அது 33.8 சதவீதம். நெருக்கடிக்கு முந்திய எண் இது.

இந்த இடத்தில் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2007இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் அது தொடங்கிய ஒரு திட்டம் மாணவருக்கு அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர், பாடப்புத்தகத்துக்கு உதவி, கட்டண மிச்சத்துக்கு விலக்கு, மாதாந்தப் பயண அட்டை ஆகியவற்றை ஒன்றாகக் கொடுத்தது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தபோது மூன்று ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். பயண அட்டை இந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து முதலில் வியப்பாக இருந்தது. அந்த அட்டை ஆலோசகரைச் சந்தித்தவருக்கே கிடைத்தது என்று அறிந்தபோது சூட்சுமம் புரிந்தது: பஸ் காசுக்காக ஆலோசகரிடம் போன மாணவர், விலகுவதற்கு முன்பே ஒருவரின் கண்ணில் பட்டார். நம் பல்கலைக்கழகங்களில் விலகல் பெரும்பாலும் அறிவிப்பில்லாத ஒன்று. 80 சதவீத வருகை இல்லை என்று பரீட்சை மண்டபத்தில் பெயர் விடுபடும்போதுதான் பிள்ளை வராமல் போனது தெரியவரும்.

தாமதத்தை விலகலோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அமெரிக்கக் கணக்கின் ஆறு ஆண்டு, பல்கலைக்கழகம் தடையின்றி நடக்கும் என்று எடுத்துக்கொண்டது. நமக்கு 1987 முதல் 1989 வரை தெற்கிலுள்ள பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த வரலாறு உண்டு. கோவிட் ஆண்டுகள் உண்டு. 2024இல் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் மே தொடக்கத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. ஒரு முழு ‘பெட்ச்’ ஒன்றாகத் தாமதமாகும்போது அதில் தனி மாணவரின் குறை எதுவுமில்லை. ஆனால் தாமதத்தின் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. ஆறு மாதம் கூடுதலாக மகனுக்காகக் காத்திருக்கும் வீடும், ஆறு மாதக் கடனைக் கூடுதலாக வாங்கும் வீடும் ஒரே அட்டவணையில் ஒரே எண்ணாக உட்காருகின்றன.

பாதியில் நின்றவருக்கு என்ன மிச்சம்? தோட்டத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேராவது போடுவார்கள். இரண்டரை ஆண்டு படித்து விலகியவருக்குப் பல்கலைக்கழகம் அரைப்பேரும் போடுவதில்லை. இதற்குச் சட்டகம் இல்லாமல் இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகம் 30 திறமைப் புள்ளிக்கு டிப்ளோமா, 60க்கு உயர் டிப்ளோமா, 90க்குப் பொதுப்பட்டம், 120க்குச் சிறப்புப்பட்டம் என்று படிகளை வகுத்திருக்கிறது. படிகள் தாளில் இருக்க, இறங்குபவருக்குக் கையில் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வழக்கம் வேரூன்றவில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் பதுளை நிலையத்திலும் வெளிவாரிப் பட்டங்களிலும் பதிவு செய்து, பகலில் கற்பித்து இரவில் படிக்கும் மலையக ஆசிரியர்கள் அநேகர். அங்கே பதிவுக்கும் பட்டத்துக்கும் உள்ள தூரம் உள்வாரிப் படிப்பைவிட மிகப் பெரிது. அவர்களை ஆறாண்டுக் கணக்கில் அளப்பது அநியாயம்.

எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் அதிபர் அறைக்கு வெளியே ஒரு பலகை தொங்கும். ‘பல்கலைக்கழகம் தெரிவானோர்’ என்று தலைப்பு, கீழே பெயர், பீடம், ஆண்டு. பெறுபேறு வந்த வாரத்தில் சந்தியில் பெனர் கட்டுவார்கள், மாலை போடுவார்கள். பட்டம் பெற்ற ஆண்டுக்கு அந்தப் பலகையில் ஒரு நிரல் இருந்து நான் பார்த்ததில்லை. பாடசாலையைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை அதன் கையை விட்டுப் போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்கோ பிள்ளை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பது தேவையில்லாத தகவல்.

இரண்டையும் இணைக்கப் புதிய கணக்கெடுப்பு வேண்டியதில்லை. பரீட்சைச் சுட்டெண் பாடசாலையிடம் இருக்கிறது. அதே சுட்டெண்ணில்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடம் கொடுக்கிறது. இடம் பெற்றவர், பதிவு செய்தவர், இரண்டாம் ஆண்டில் இருப்பவர், பட்டம் பெற்றவர் என்ற நான்கு நிரலையும் பாடசாலைவாரியாகச் சேர்த்தால் பதுளை, பண்டாரவளை, பசறை வலயக் கல்வி அலுவலகங்களுக்குத் தம் பிள்ளைகள் எந்தப் படியில் காணாமல் போகிறார்கள் என்பது தெரியும். மகாபொல விண்ணப்பத்தில் பெற்றோரின் தொழில் ஏற்கெனவே பதிவாகிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க அது போதும்.

ஒரு தொழில்நுட்பத் தடையை மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒரு பாடசாலையிலிருந்து ஓராண்டில் போகிறவர் இருவரோ மூவரோதான். அதில் ஒருவர் விலகினார் என்று அட்டவணை போட்டால் அந்தப் பிள்ளை யாரென்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஓராண்டுக் கணக்கை வெளியிடாமல், ஐந்தாண்டுத் தொகுதிகளைச் சேர்த்து, வலய மட்டத்தில் மட்டும் எண்களைத் தரவேண்டும். பாடசாலை மட்டத் தரவு அதிபரின் கையோடு நிற்கவேண்டும். முதல் தொகுதியை 2015க்கும் 2019க்கும் இடையில் தெரிவானவர்களிலிருந்து தொடங்கலாம். அவர்களில் பெரும்பாலோர் இப்போது முடித்திருப்பார்கள், அல்லது முடிக்காமல் போயிருப்பார்கள்.